தோட்டப் பட்டணத்திலிருந்து ஓர் இருண்ட மறுபுனைவுத் தொகுப்பு: புதியவர்களுக்கு வழிகாட்டி

சுங்கை சிப்புட், பாகான் செராய், பாடாங் செராய், லூனாஸ் போன்ற தோட்டப் பட்டணங்களில் எழுதுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஞாயிறு பதிப்புக்குக் கதை அனுப்புவோம்; வந்தால் வெட்டி எடுத்து வைப்போம்; அதோடு சரி. புத்தகம் போட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள், பாதி தவறாக இருக்கும். ஒரே சிறுவர் கதையைப் பல பேர் பெரியவர்களுக்காக இருட்டாகத் திருப்பி எழுதிய ஒரு தொகுப்பைச் சுங்கை சிப்புட்டிலிருந்து கொண்டுவர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எந்தத் தாள் முதலில் வேண்டும், எந்தச் செலவு கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும், எங்கே நாள் இழுக்கும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களாவது குறைவாக அலையுங்கள்.

1. கதையைத் தேர்ந்தெடுக்கும் முன் உரிமையைப் பாருங்கள்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த பிறகும் 50 ஆண்டுகளுக்கு அவர் எழுத்தின் மீது உரிமை தொடரும். நாம் அறிந்த ஐரோப்பியச் சிறுவர் கதைகளைத் தந்த பெரோ 1703இலும், கிரிம் சகோதரர்கள் 1859, 1863இலும், ஆண்டர்சன் 1875இலும் மறைந்துவிட்டார்கள். இவர்களுடைய கதைகளை யாரும் எடுத்து எழுதலாம். அனுமதிக் கடிதமும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் சிறு வயதில் படித்தது தமிழ் மொழிபெயர்ப்பு. அந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. அவர் இன்னும் உயிரோடு இருக்கலாம். அந்த வரிகளையோ, அவர் வைத்த பெயர்களையோ, அவர் சேர்த்த பாட்டையோ எடுத்து ஆளாதீர்கள். புத்தகத்தைச் சென்னையிலும் விற்கும் எண்ணம் இருந்தால், இந்தியாவில் அந்தக் காலம் 60 ஆண்டுகள் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இரண்டாவது பொறி திரைப்படம். பனிவெள்ளைக் கதையின் ஏழு குள்ளர்களுக்குக் கிரிம் கதையில் பெயரே கிடையாது. நாம் அறிந்த பெயர்கள் 1937இல் வந்த டிஸ்னி படத்துக்காக வைக்கப்பட்டவை. இளவரசியின் உடை, குள்ளர்களின் முகம் எல்லாமே அப்படித்தான். படத்தை மறந்துவிட்டு மூலத்தைப் படியுங்கள். மார்கரெட் ஹண்ட் 1884இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவர் 1912இல் மறைந்ததால் அதற்கும் உரிமைத் தடை இல்லை. எழுதப்போகும் எல்லாரும் அந்த ஒரே பிரதியைப் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு கதையை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுவார்கள்.

நாங்கள் எடுத்தது ஹான்சல், கிரெட்டல் கதை. விறகுவெட்டி வீட்டில் பஞ்சம். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். பிள்ளைகள் அடுத்து நுழைவது தின்பண்டங்களால் கட்டிய வீட்டில். அங்கே இருக்கும் சூனியக் கிழவி பையனைக் கொழுக்க வைத்துத் தின்னப் பார்க்கிறாள்; அவன் விரலுக்குப் பதில் எலும்பை நீட்டி ஏமாற்றுகிறான், தங்கை அவளை அடுப்பில் தள்ளிவிடுகிறாள். பசியும் காடும் கடனும் தெரிந்த ஊரில் இதைவிடப் பொருத்தமான கதையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

2. இருட்டு என்றால் என்ன என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடியுங்கள்

இதைச் செய்யாமல் கதை கேட்டால், வருகிறவற்றில் பாதியில் ரத்தம் ஆறாக ஓடும். மீதிப் பாதியில் பொந்தியானாக் வந்து நிற்கும். இரண்டும் இருட்டு அல்ல. பேய் வந்ததும் மனிதர்கள் செய்த கொடுமைக்குப் பழி பேயின் மேல் போய்விடுகிறது, வாசகரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்.

மூலக் கதை நாம் நினைப்பதைவிடக் கொடியது என்பதை எழுத்தாளர்களுக்கு நினைவூட்டுங்கள். பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்வது 1812ஆம் ஆண்டு முதல் பதிப்பில் பெற்ற தாய்தான். பிந்தைய பதிப்புகளில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஆகவே, “மாற்றாந்தாயைப் பெற்ற தாயாக மாற்றிவிட்டேன், எப்படி?” என்று ஒருவர் பெருமையோடு வந்தால், கிரிம் சகோதரர்கள் அவரை முந்திவிட்டார்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

நாங்கள் வைத்த விதி இது. கதையின் ஐந்து எலும்புகள்: வழிக்குப் போட்ட வெள்ளைக் கற்கள், பறவை தின்ற ரொட்டித் துணுக்குகள், தின்பண்ட வீடு, கண் மங்கிய கிழவியை ஏமாற்ற நீட்டிய எலும்புத் துண்டு, அடுப்பு. இவற்றில் குறைந்தது மூன்று கதையில் இருக்க வேண்டும். ஆனால் அவை நம் ஊரில் கையில் எடுக்கக்கூடிய பொருளாக மாறியிருக்க வேண்டும். தோட்டத்தில் வெறும் ‘காடு’ என்று எழுதிய கதையைத் திருப்பி அனுப்பினோம். பால்மரக் காடு வேறு, செம்பனைக் காடு வேறு. பால்மரத் தோட்டத்தில் நிரைக்கு நிரை ஒரே மாதிரி இருக்கும். வழி தவறிய பிள்ளைக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். அந்தப் பயத்தை எழுத மந்திரக் காடு எதற்கு?

எங்களுக்கு வந்த ஒரு கதையைச் சொன்னால் விளங்கும். அதில் தின்பண்ட வீடு ஒரு மளிகைக் கடை. கிழவியின் கையில் கடன் எழுதும் 555 புத்தகம். சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சின்னக் குறிப்பேடு, எண்ணெய்க் கை பட்டுக் கருத்த ஓரம், நூலில் கட்டித் தொங்கும் பென்சில். சீனி 1 கிலோ, சார்டின் 2 டின், பிஸ்கட் 1 பொட்டலம். பிள்ளைகள் கேட்பதையெல்லாம் கிழவி சிரித்துக்கொண்டே கொடுக்கிறாள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஏறுகிறது. மாதக் கடைசியில் அவளுக்குக் கண் தெரியவில்லை, கூட்டுத்தொகையைப் படிக்கச் சொல்லிப் பையனிடம் நீட்டுகிறாள். அவன் குறைத்துப் படிக்கிறான். எலும்புத் துண்டு எங்கே போனது என்று புரிகிறதா? கடைசியில் தங்கை புத்தகத்தை அடுப்பில் போட்டுவிடுகிறாள். மறுநாள் காலை கிழவி கல்லாப்பெட்டியைத் திறந்து, அதே கணக்கை எழுதிய இரண்டாவது புத்தகத்தை எடுக்கிறாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தொகுப்பிலேயே என்னை அதிகம் உலுக்கிய கதை அதுதான்.

சின்ன ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. கடைக்காரர், தண்டல், கிராணி, கோயில் தலைவர் என்று யாரை எழுதினாலும் ஊர் முதலில் கேட்பது “அது யார்?” என்பதுதான். நடையும் ஊனமும் வீட்டு எண்ணும் உண்மையான ஒருவரோடு பொருந்தினால் அவதூறு வழக்குவரை போகலாம். தொகுப்பாசிரியர் இதற்கென்றே ஒரு முறை தனியாகப் படிக்க வேண்டும். தோட்டத்துக் காவல் தெய்வங்களை வில்லனாக்கும் கதைகளிலும் நிதானம் வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வெளியீட்டுக்கு மண்டபம் தரப்போவதே கோயில்தான்.

கதைக்கு 1,500 முதல் 2,500 சொற்கள் போதும். எழுத இரண்டு மாதம் கொடுங்கள். மூன்று மாதம் கொடுத்தாலும் கடைசி வாரத்தில்தான் எழுதுவார்கள்.

3. சம்மதக் கடிதம் இல்லாமல் ஒரு கதையையும் தட்டச்சுக்கு அனுப்பாதீர்கள்

“நம்ம ஆள்தானே” என்று விட்டால் பிறகு தகராறுதான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் உரிமையை வாங்கவே வாங்காதீர்கள். இந்தத் தொகுப்பில் வெளியிட அனுமதி மட்டும் வாங்குங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் இருக்க வேண்டியவை: கதைத் தலைப்பு, இது சொந்தப் படைப்பு என்ற உறுதி, அச்சு, மின்னூல் இரண்டுக்கும் அனுமதி உண்டா, வேறெங்கும் வெளியிட எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், சன்மானம் எவ்வளவு, இலவசப் பிரதி எத்தனை. சன்மானம் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் எழுதியிருந்தால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். கதை ஏற்கெனவே நாளிதழில் வந்திருந்தால் எந்த இதழ், எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமையைப் பதிவு செய்தால்தான் செல்லும் என்று பயமுறுத்துவார்கள். எழுதியதுமே உரிமை வந்துவிடுகிறது. அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓவில் அறிவித்து வைப்பது நம் விருப்பம். அதேபோல் ஐஎஸ்பிஎன் எண் வாங்கினால் உரிமை வந்துவிட்டது என்பதும் தவறு. அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான்.

4. பதிப்பாளர் யார் என்று முடிவு செய்யுங்கள்

இங்கே மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, தொகுப்பாசிரியரே தம் பெயரில் வெளியிடுவது. ஒரே புத்தகத்தோடு நிறுத்தப்போகிறவருக்கு இதுவே எளிது. இரண்டாவது, பதிப்பகப் பெயர் ஒன்றை வைத்துத் தொழிலாகச் செய்வது. அப்படியானால் எஸ்எஸ்எம் என்னும் நிறுவன ஆணையத்தில், தொழிலைத் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். அடையாள அட்டையோடு ஈப்போவில் உள்ள அலுவலகத்துக்குப் போகலாம், இணையத்திலும் செய்யலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்காதீர்கள். மூன்றாவது, ஏற்கெனவே பதிவு பெற்ற சங்கம் ஒன்றின் பெயரில் போடுவது. இதற்குச் செயலவையின் தீர்மான நகல் வேண்டும். அடுத்த ஆண்டு நிர்வாகம் மாறினாலும் அந்தத் தாள் பேசும்.

நான்காவதாக ஒரு வழி இருப்பதுபோல் தோன்றும், அதில் போகாதீர்கள். நண்பர்கள் சிலர் கூடி ‘வாசகர் சங்கம்’ என்று பெயர் சூட்டி அதையே பதிப்பாளராக அச்சிடுவது. பதிவு பெறாத சங்கம் இந்த நாட்டில் சட்டவிரோதச் சங்கம் ஆகிவிடும், வம்பு.

5. ஐஎஸ்பிஎன்: செலவில்லை, பொறுமை வேண்டும்

கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம்தான் எண் தருகிறது. கட்டணம் இல்லை. “எண் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்” என்று யாராவது சொன்னால், அது அவருடைய கைச்செலவுக்கு. முதலில் பதிப்பாளராகப் பதிந்துகொண்டு, பிறகு நூலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், பொருளடக்கம், முன்னுரை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்து, எல்லாப் படிவங்களிலும் அதே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள். ‘ழ’ உள்ள தலைப்பென்றால் ஆளுக்கு ஒரு விதமாக எழுதித் தொலைப்பார்கள். நூலைப் பற்றி மலாயில் நான்கு வரிச் சுருக்கம் ஒன்றும் கையில் இருக்கட்டும். அதில் இது பெரியவர்களுக்கான கதைகள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் ‘ஹான்சல்’ என்ற பெயரைப் பார்த்ததும் சிறுவர் நூல் என்று நினைத்துவிடுவார்கள். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். எண் கைக்கு வருவதற்குள் அட்டையை அச்சுக்கு அனுப்பாதீர்கள். சில வாரங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

6. பக்க வடிவமைப்பு: கொம்பும் காலும் உடையும் இடம்

கையெழுத்துப் படியில் எல்லாம் சரியாக இருக்கும். அச்சகம் கோப்பைத் திறந்ததும் ‘கொ’ வந்த இடத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிய்ந்து கிடக்கும். புள்ளிகள் காணாமல் போகும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது பிழை என்றே தெரியாது. ஓர் அச்சகம் எங்களுக்கு அனுப்பிய முதல் படியில் ‘கௌ’ வந்த ஒவ்வோர் இடமும் மூன்று துண்டாக இருந்தது. ‘எழுத்துரு அப்படித்தான்’ என்று பதிலும் வந்தது.

எல்லாரும் யூனிகோடு எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருவில் வந்த கதைகளை முதலில் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் கெடும் என்பதால் மறுபடி படியுங்கள். பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் மென்பொருளைப் பயன்படுத்துகிறவரிடம், இந்திய எழுத்துகளுக்கான பத்தி அமைப்பியை இயக்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். அச்சகத்துக்குக் கொடுப்பது எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் மட்டுமே, திருத்தக்கூடிய கோப்பு வேண்டாம். கொடுப்பதற்கு முன் ஒரு சோதனைப் பக்கம்: கொக்கு, கோழி, மௌனம், ஸ்ரீ, ஷ்ஷென்று, கௌளி. இவை உடையாமல் வந்தால் மற்றவையும் வரும்.

ஒற்றுப்பிழை பார்க்க, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். எந்தத் தோட்டப் பட்டணத்திலும் ஒருவர் இருப்பார். சன்மானம் கொடுங்கள். வாங்க மறுத்தால் அட்டைக்குப் பின்னால் பெயரையாவது போடுங்கள்.

7. அச்சகமும் கணக்கும்

குறைந்தது மூன்று அச்சகங்களில் விலை கேளுங்கள். ஒவ்வொன்றிலும் 100, 150, 300 பிரதிக்குத் தனித்தனியாக. எல்லாரிடமும் கேட்பது ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்: ஏ5 அளவு, உள்தாளின் கனம், கறுப்பு வெள்ளை, வண்ண அட்டை, முதுகு ஒட்டும் முறை, ஊருக்குக் கொண்டுவரும் கூலி உட்பட. கூலியைச் சொல்லாமல் விட்டுவிட்டுக் கடைசியில் சேர்ப்பது வழக்கம். ஈப்போவில் சற்று விலை கூடினாலும், ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வரலாம் என்ற வசதிக்காகவே நான் அங்கே கொடுப்பேன். மாதிரிப் பிரதி பார்க்காமல் முழு அச்சுக்கு ஒப்புதல் தராதீர்கள்.

கணக்கு எங்கே ஏமாற்றும் என்று பாருங்கள். ஒரு பிரதிக்கு 10 ரிங்கிட், 150 பிரதி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,500. இதில் தேசிய நூலகத்துக்கு 5, ஒன்பது எழுத்தாளர்களுக்கு ஆளுக்கு 2 வீதம் 18, ஓவியருக்கும் திருத்துநருக்கும் 2, விமர்சனத்துக்கு 5. முப்பது போய்விட்டது. விற்க மிஞ்சுவது 120. அப்படியானால் ஒரு பிரதியின் உண்மையான அடக்கம் 12 ரிங்கிட் 50 சென். விலை 20 ரிங்கிட் என்று போடுகிறீர்கள். கடைக்காரர் நூற்றுக்கு 35 கழிவு கேட்டால் கைக்கு வருவது 13. மிச்சம் ஐம்பது சென். அதற்குள் தபால் செலவு வந்துவிடும். ஆகவே கடையை நம்பாதீர்கள். நேரில் விற்பதை நம்புங்கள்.

உரிமைப் பக்கத்தில் ஒன்று கட்டாயம். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி, அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவருடைய பெயரும் முகவரியும் நூலின் முதல் அல்லது கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும். சின்ன அச்சகங்கள் சில தங்கள் பெயரைப் போட விரும்புவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அச்சிடாதீர்கள். வீட்டு முகவரியைப் போடுவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களையும் கேட்டுவிடுங்கள்.

8. அட்டையைப் பார்த்துப் பேத்திக்கு வாங்கிவிடக் கூடாது

இது நடக்கும். மிட்டாய் வீடும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வண்ண அட்டையைப் பார்த்துத் தாத்தா வாங்கிக் கொடுப்பார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் விசாரணை நடக்கும். முன் அட்டையிலேயே ‘பெரியவர்களுக்கான கதைகள்’ என்று அச்சிடுங்கள், பின்னட்டையில் பொடி எழுத்தில் அல்ல. ஓவியருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், பெரோவின் கதைகளுக்குக் குஸ்தாவ் தோரே வரைந்த செதுக்கோவியங்கள் உண்டு. அவர் 1883இல் மறைந்ததால் உரிமைத் தடை இல்லை. கறுப்பு வெள்ளையில் காடு எப்படிப் பயமுறுத்தும் என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை. இணையத்தில் கிடைக்கும் மற்ற படங்களைத் தொடாதீர்கள்.

9. வெளியீட்டு நாள்

சம்பளம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பது தொழில் சட்டம். ஆகவே ஏழாம் தேதிக்குப் பின் வரும் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணி. மாதக் கடைசியில் வைத்தால் கூட்டம் வரும், விற்பனை வராது. தைப்பூசம், தீபாவளி, தோட்டத்துக் கோயில் திருவிழா, நீண்ட பள்ளி விடுமுறை இவற்றைத் தவிர்த்தால் ஆண்டில் நல்ல ஞாயிறுகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: அச்சுக்கு ஒரு மாதம், வடிவமைப்புக்கும் திருத்தத்துக்கும் ஒன்றரை மாதம், ஐஎஸ்பிஎன்னுக்கு அதனுள்ளேயே இடம், எழுத இரண்டு மாதம். ஐந்து மாதத்துக்குக் குறைத்தால் ஏதோ ஒன்று உடையும்.

தமிழ்ப்பள்ளி மண்டபம் என்றால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். இருண்ட கதைகள் என்பதை மறைக்காதீர்கள். கோயில் மண்டபத்தில் வாசிப்புக்கு எந்தக் கதையை எடுக்கிறீர்கள் என்று நிர்வாகத்திடம் முன்பே காட்டிவிடுங்கள். சிறப்பு விருந்தினர் உறையில் வைத்துத் தரும் பணத்தை நம்பி அச்சுக்கு முன்பணம் கட்டாதீர்கள். வந்தால் வரவு. “பத்துப் பிரதி எனக்கு” என்று கூட்டத்தில் கை தூக்குகிறவரிடம் அங்கேயே வசூலித்துவிடுங்கள். தேநீருக்கும் மீ கோரேங்குக்கும் ஆகும் செலவு பெரும்பாலும் அட்டை ஓவியத்தின் செலவைத் தாண்டிவிடும்; பட்ஜெட்டில் தனி வரியாக எழுதுங்கள்.

10. வெளியீடு முடிந்த மறுவாரம்

1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான ஒரு மாதத்துக்குள் 5 பிரதிகளைப் பதிப்பாளர் தம் செலவில் தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்க வேண்டும். விற்றுத் தீர்ந்துவிட்டது என்ற சாக்கு செல்லாது. அச்சகத்திலிருந்து பெட்டி வந்ததுமே ஐந்தை எடுத்துத் தனியாகக் கட்டி, மேலே பெயர் எழுதி வைத்துவிடுங்கள். வெளியீட்டு மேசைக்கே கொண்டுபோகாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பலாம். ரசீதை, சம்மதக் கடிதங்களும் எஸ்எஸ்எம் சான்றிதழும் அச்சக விலைப்பட்டியலும் உள்ள அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

எழுத்தாளர்களின் இலவசப் பிரதிகளைக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குங்கள். வரவு செலவை ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள், நட்டமாக இருந்தாலும். கடைகளில் வைத்த பிரதிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் போய்க் கணக்குப் பாருங்கள். தொலைபேசியில் கேட்டால் “இன்னும் போகவில்லை” என்ற பதில்தான் வரும்.